கிணறு, பனம்பழம், நுளம்பு: இதையெல்லாம் பிஎச்டி விண்ணப்பத்தில் எப்படி எழுதுவது?

கம்பஸில் மூன்றாம், நாலாம் வருடம் படிக்கிற தங்கச்சிமாரும் தம்பிமாரும் வட்ஸ்அப்பில் என்னிடம் கேட்கிற கேள்வி ஏறக்குறைய ஒன்றுதான். "அக்கா, நான் ஒரு சேரோட கொஞ்ச நாள், ஒரு மிஸ்ஸோட கொஞ்ச நாள் எண்டு வேலை செய்திருக்கிறன். ஒண்டும் ஒண்டோட ஒட்டேல்ல. இதை வைச்சுக்கொண்டு அமெரிக்காவில பிஎச்டிக்கு எப்பிடி எப்ளை பண்ணுறது?" ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக வொயிஸ் அனுப்பி அலுத்துவிட்டது. எழுதி வைத்தால் இனிமேல் கேட்பவர்களுக்கு இணைப்பை அனுப்பிவிடலாம்.

என் கதையும் அதே கதைதான். யாழ்ப்பாணம் திருநெல்வேலியில், யாழ்ப்பாணப் பல்கலைக்கழக விஞ்ஞான பீடத்தில் விலங்கியல் சிறப்புப் பட்டம். கொரோனாவும் 2022இன் பொருளாதார நெருக்கடியும் நடுவில் வந்ததால் நாலு வருடப் படிப்பு நன்றாகவே இழுபட்டது. அதற்குள் நான் கைவைத்த வேலைகளைப் பாருங்கள்.

முதலாவது, கிணற்றுத் தண்ணீர். இரண்டாம் வருடத்தில் இரசாயனவியல் படித்த ஒரு சீனியர் அக்காவுக்கு உதவியாகப் போனேன். உரும்பிராய், கோண்டாவில், சுன்னாகம் பக்கத்துத் தோட்டக் கிணறுகளில் போத்தலில் தண்ணீர் எடுத்து, ஐஸ் போட்ட ரெஜிபோம் பெட்டியில் வைத்து ஸ்கூட்டியில் கொண்டுவர வேண்டும். யாழ்ப்பாணத்தில் வருடம் முழுக்க ஓடும் ஆறு கிடையாது. குடிப்பதும் தோட்டத்துக்கு இறைப்பதும் சுண்ணாம்புக்கல்லுக்குள் மழை விட்டுப்போன தண்ணீரைத்தான். செம்மண்ணில் வெங்காயத்துக்குப் போடும் யூரியாவில் பயிர் எடுத்த மிச்சம் மழையோடு அதே தண்ணீருக்குள் இறங்கும். மலசலகூடக் குழிகளும் தங்கள் பங்கைச் சேர்க்கும். குடிநீரில் நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். தாண்டினால், அந்தத் தண்ணீரில் மாப்பால் கரைத்துக் குடிக்கும் கைக்குழந்தைக்கு ஆபத்து. நாங்கள் எடுத்த மாதிரிகளில் சிலது தாண்டியது. ஒரு தோட்டத்து ஐயாவிடம் சொன்னபோது, "அப்ப எங்கட அப்பு எண்பது வயது வரைக்கும் எதைக் குடிச்சவர்?" என்று கேட்டார். அதற்குப் பதில் சொல்லும் அளவுக்கு எனக்கு அப்போது விஷயம் தெரியாது.

இரண்டாவது, பறவைகள். உண்மையில் பறவையே பார்க்கவில்லை. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தது, எல்லோரும் வீட்டில். ஒரு விரிவுரையாளர் கடல்நீரேரிப் பறவைக் கணக்கெடுப்புகளை எக்ஸல் கோப்புகளாக வைத்திருந்தார். ஒரே பறவை மூன்று விதமான எழுத்தில், திகதிகள் மாதமும் நாளும் இடம்மாறி. அதை ஆர் (R) என்ற புள்ளிவிவர மென்பொருளில் துப்புரவாக்கி வரைபு போட்டுக் கொடுத்தேன். சலிப்பான வேலை. ஆனால் பிறகு எனக்குச் சோறு போட்டது இதுதான்.

மூன்றாவது, பனம்பழம். பனங்களியின் கசப்புக்குக் காரணம் ஃபிளாபெலிஃபெரின் என்ற ஸ்டீரொயிட் சப்போனின்கள். பணியாரம் சுட்டு, பனாட்டுப் போட்டுப் பழகிய வீட்டில் பிறந்தவளுக்கு அந்தக் கசப்புக்கு ஒரு பெயர் இருப்பதே புதினமாக இருந்தது. களியிலிருந்து அவற்றைப் பிரித்து, மதுவத்தின் வளர்ச்சியைத் தடுக்கிறதா என்று பார்ப்பது திட்டம். அதற்குள் 2022 வந்தது. டொலர் இல்லை, இரசாயனப் பொருள் வரவில்லை. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு. குளிரூட்டியில் இருந்த களியெல்லாம் உருகி மணக்கத் தொடங்க, அந்த வேலை அத்தோடு சரி.

நாலாவது, இறுதி வருட ஆய்வு: உவர்நீரில் வளரும், டெங்கு பரப்பும் ஏடிஸ் நுளம்பின் குடம்பிகள் (புழுப்பருவம்). டெங்கு நுளம்பு நல்ல தண்ணீரில் மட்டும்தான் முட்டையிடும் என்று பள்ளிக்கூடத்தில் படித்திருப்போம். அது கரையோர உவர்நீரிலும் முட்டையிட்டுக் குடம்பியாக வளரும் என்பதைக் காட்டிய முக்கியமான ஆய்வுகளில் சிலது யாழ்ப்பாணத்திலேயே செய்யப்பட்டவை. 2011இல் சர்வதேச சஞ்சிகையில் வெளிவந்தன. வெளிநாட்டு நுளம்பு ஆய்வாளர்கள் பலருக்கு எங்கள் ஊர்ப் பெயர் தெரிந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம். எனக்கு அந்த வேலை பிடித்ததற்கு ஆரம்பத்தில் பெரிய விஞ்ஞானக் காரணம் ஒன்றுமில்லை. பெற்றோல் வரிசையில் நிற்காமல் சைக்கிளில் கரையோரக் குருநகர் போய்வரலாம். அகப்பை, வெள்ளைத் தட்டு, உப்பளவு பார்க்கும் கருவி, இவ்வளவும் போதும். கரையில் கிடக்கும் பழைய வள்ளத்துக்குள், உடைந்த பிளாஸ்ரிக் பெட்டிக்குள், கைவிட்ட கிணற்றுக்குள் குடம்பி தேடுவேன். பிடித்ததைத் துறைக்குக் கொண்டுவந்து, வெவ்வேறு உப்பளவில் எத்தனை உயிரோடு கூட்டுப்புழுவாகின்றன என்று பார்ப்பேன்.

இப்படி நாலு. வீட்டில் பெரியம்மா கேட்பார், "நீ இப்ப தண்ணி படிக்கிறியோ, பனங்காய் படிக்கிறியோ, நுளம்பு படிக்கிறியோ?" பெரியம்மாவுக்கே இந்தச் சந்தேகம் வந்தால் அமெரிக்கத் தெரிவுக்குழுவுக்கு வராதா?

விண்ணப்பம் எழுதத் தொடங்கியதும் எல்லாரும் சொன்ன ஆலோசனை: எல்லாவற்றையும் ஒரு நூலில் கோர். காசு வாங்கிக்கொண்டு எஸ்ஓபி (ஏன் இந்தப் படிப்பு என்று விண்ணப்பத்தோடு எழுதும் கட்டுரை) திருத்தித் தரும் ஒருவரும் அதையே சொன்னார். நானும் கோர்த்துப் பார்த்தேன். "சிறுவயது முதல் தண்ணீரின் மேல் எனக்கு இருந்த ஈர்ப்பு" என்று தொடங்கினேன். கிணறு பொருந்தியது. கடல்நீரேரி பொருந்தியது. உவர்நீர் நுளம்பு அருமையாகப் பொருந்தியது. பனம்பழத்துக்கு எங்கே போவது? பனை வறட்சியைத் தாங்கும் மரம் என்று ஒரு வரி எழுதிவிட்டு எனக்கே சிரிப்பு வந்தது. அழித்துவிட்டேன்.

அந்த நூல் கதையில் எனக்கு நம்பிக்கை இல்லை. வருடத்துக்கு நூற்றுக்கணக்கான எஸ்ஓபி படிக்கிற ஒரு பேராசிரியருக்கு, பிறகு யோசித்துக் கட்டிய கதையை அடையாளம் காண அதிக நேரம் எடுக்காது. இருபது வயதுப் பிள்ளை இரண்டாம் வருடத்திலேயே பெரிய திட்டத்தோடு நாலு ஆய்வுகளைத் தெரிவுசெய்தாள் என்று எவர் நம்புவார்? நம்பினாலும் அதில் என்ன பயன்? அவருக்குத் தெரிய வேண்டியது, இந்தப் பிள்ளை ஐந்து வருடம் ஒரு வேலையில் நின்று பிடிப்பாளா, அந்த வேலை ஓடாமல் போனால் என்ன செய்வாள் என்பதுதான்.

அதனால் நான் எழுதியது வேறு. ஒவ்வொரு வேலையையும் ஏன் விட்டேன் என்பதை எழுதினேன்.

ஏன் சேர்ந்தோம் என்பதை எல்லாரும் உருகி உருகி எழுதுகிறார்கள். ஏன் விட்டோம் என்பதை ஒருவரும் எழுதுவதில்லை. பல இடங்களில் கைவைத்த ஒருவரின் விண்ணப்பத்தைப் படிக்கிறவருக்கு முதலில் எழும் கேள்வியே அதுதான். நீங்கள் சொல்லாவிட்டால் அவராகவே ஒரு பதில் வைத்துக்கொள்வார். அந்தப் பதில் உங்களுக்குச் சாதகமாக இருக்காது.

இதில் இரண்டு வகையைப் பிரிக்க வேண்டும். வெளியிலிருந்து வந்த காரணம் ஒன்று, உங்களுடைய காரணம் ஒன்று. பனம்பழ வேலை நின்றதற்கு வெளிக்காரணம் மின்வெட்டும் பொருள் தட்டுப்பாடும். இதை ஒரே வரியில் எழுதினேன்: "2022இல் இலங்கையின் பொருளாதார நெருக்கடியின்போது மின்வெட்டால் மாதிரிகள் பழுதாகின, ஆய்வு நிறுத்தப்பட்டது." அதற்கு மேல் அழவில்லை. ஆனால் மின்சாரம் திரும்பிய பிறகும் நான் அந்த வேலைக்குத் திரும்பவில்லையே, அது ஏன்? அங்கே பெரும்பாலான நேரம் சேர்வைகளைப் பிரித்தெடுப்பதில் போனது. எனக்குப் பிடித்தது அதற்குப் பிறகு வரும் பகுதி, உயிருள்ள ஒன்றின் மேல் அதை விட்டு என்ன நடக்கிறது என்று பார்ப்பது. இதுதான் என் காரணம், இதற்கு இரண்டு வரி. அந்த இரண்டு வரியால்தான் அடுத்த பந்தியில் நுளம்புக் குடம்பி வந்தபோது அது தாவல் மாதிரித் தெரியவில்லை.

கிணற்று வேலைக்கும் அப்படியே. அங்கே ஒவ்வொரு எண்ணும் ஒரு கிணற்றின் எண், அவ்வளவுதான். அந்தத் தண்ணீரில் வாழும் உயிருக்கு என்ன ஆகிறது என்று எங்கள் முறை கேட்கவில்லை. எனக்கு அதுதான் கேட்க வேண்டியிருந்தது என்று எழுதினேன். கூடவே, செறிவு தெரிந்த கரைசல்களை வைத்து அளவீட்டு வளைகோடு போடவும், நைத்திரேற்று இல்லாத வெற்று மாதிரி ஓட்டாமல் எந்த வாசிப்பையும் நம்பாதிருக்கவும் அங்கேதான் பழகினேன் என்பதையும் சேர்த்தேன். பறவைத் தரவுக்கு ஒன்றரை வரி மட்டும். இறுதி வருட ஆய்வுக்கு ஏறக்குறையப் பாதிப் பக்கம். நாலுக்கும் சம இடம் கொடுத்தால், உங்களுக்கு எது முக்கியம் என்று உங்களுக்கே தெரியாது என்று காட்டுவதாகிவிடும்.

இன்னொன்று. "நாங்கள் செய்தோம்" என்று எழுதிப் பழகிவிட்டோம். அடக்கம் நல்லதுதான், ஆனால் எஸ்ஓபியில் "நான்" வேண்டும். கிணற்று ஆய்வு என்னுடையது அல்ல, அந்த அக்காவுடையது. அதில் நான் செய்தது மாதிரி எடுத்தது, வடித்தது, ஒளி உறிஞ்சலை அளக்கும் ஸ்பெக்ட்ரோபோட்டோமீற்றரில் வாசித்தது. அதை அப்படியே எழுதினேன். சின்ன வேலையைச் சின்னதாகவே எழுதினால், பெரிய வேலையைப் பெரிதாக எழுதும்போது நம்புவார்கள். யாழ்ப்பாண விஞ்ஞானச் சங்கத்தின் வருடாந்த அமர்வில் சுருக்கம் வாசித்திருந்தால் சிவியில் போடுங்கள், ஆனால் அதைச் சஞ்சிகைக் கட்டுரை மாதிரிக் காட்டாதீர்கள்.

எங்கே விண்ணப்பிப்பது என்பதிலும் இந்தப் பல இடத்து அனுபவத்துக்குப் பங்கு இருக்கிறது. இது எங்கள் பிள்ளைகள் பலருக்குத் தெரியாது. அமெரிக்காவில் மூலக்கூற்று உயிரியல், உயிர்மருத்துவம் போன்ற துறைகளில் பல பிஎச்டி திட்டங்கள் முதல் வருடம் உங்களை இரண்டு மூன்று ஆய்வுகூடங்களில் மாறி மாறி வேலை செய்ய விட்டு, பிறகுதான் மேற்பார்வையாளரைத் தெரிவுசெய்யச் சொல்லும். பல கைவேலை தெரிந்த ஆளுக்கு அது வாய்ப்பான இடம். சூழலியல், பூச்சியியல் பக்கம் பெரும்பாலும் அப்படி அல்ல. ஒரு குறிப்பிட்ட பேராசிரியர் உங்களை எடுக்க விரும்ப வேண்டும், அவரிடம் பணமும் இடமும் இருக்க வேண்டும். விண்ணப்பிக்க முதலே அவருக்கு மின்னஞ்சல் எழுத வேண்டும். கனடாவிலும் விஞ்ஞானத் துறைகளில் அநேகமாக இதே நடைமுறை. ஜேர்மனியில் பிஎச்டி இடங்கள் பல வேலை விளம்பரம் மாதிரி வரும், முதுமாணிப் பட்டம் பொதுவாகக் கேட்பார்கள்.

நான் போனது பேராசிரியருக்கு முதலே எழுதும் வழி. மின்னஞ்சல் நீளமாக எழுத வேண்டாம். என் மின்னஞ்சலில் நாலு வேலையும் இல்லை. உவர்நீர்க் குடம்பி வேலை பற்றி மூன்று வரி, அவருடைய ஆய்வோடு அது எங்கே தொடுகிறது என்று இரண்டு வரி, இந்த வருடம் மாணவர் எடுக்கிறீர்களா என்ற கேள்வி, அவ்வளவுதான். "தரவுப் பகுப்பாய்வு ஆர் மென்பொருளில் செய்வேன்" என்று கடைசியில் போட்ட வரியைப் பிடித்துக்கொண்டுதான் பதில் எழுதியவர்களில் பாதிப்பேர் பேசினார்கள். வீட்டில் அடைந்து கிடந்து பறவைப் பெயர் திருத்தியதற்கு அப்படி ஒரு பலன்.

சரி, பரிந்துரைக் கடிதங்கள். வழக்கமாக மூன்று கேட்பார்கள். நாலு இடத்தில் வேலை செய்தவருக்கு உண்மையான அனுகூலம் இங்கேதான் இருக்கிறது: உங்களை வேறு வேறு கோணத்தில் பார்த்த ஆட்கள் இருக்கிறார்கள். ஒரே ஆய்வுகூடத்தில் இருந்தவருக்கு ஒரு நல்ல கடிதம் வரும், மற்ற இரண்டும் "இவர் என் பாடத்தில் ஏ எடுத்தார்" என்றுதான் இருக்கும். அந்த மாதிரிக் கடிதம் ஒன்றும் செய்யாது, உங்கள் பெறுபேற்றுத் தாளே அதைச் சொல்லிவிடுகிறது. நான் இறுதி வருட மேற்பார்வையாளரிடமும், பறவைத் தரவு தந்தவரிடமும், பனம்பழ வேலை பார்த்த மிஸ்ஸிடமும் கேட்டேன். மூன்றாவது ஆளிடம் கேட்க ஒரு தயக்கம், வேலையை விட்டுவிட்டு வந்தவள்தானே. அவர் சிரித்துக்கொண்டு, "களி உருகினதுக்கு நீர் என்ன செய்யிறது? உருகின பிறகு நீர் அந்தப் பிறிச்சைக் கழுவினதையும் எழுதுறன்" என்றார். எழுதினாரோ தெரியாது. கடிதம் எங்களுக்குக் காட்டப்படுவதில்லை.

கேட்கும்போது வெறும் கையோடு போகாதீர்கள். எந்தக் காலத்தில் என்ன வேலை செய்தீர்கள், எந்தப் பல்கலைக்கழகத்துக்கு எந்தத் திகதி கடைசி என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். எங்கள் விரிவுரையாளர்களுக்குப் பரீட்சைத் தாள் திருத்தவே நேரம் போதாது. அமெரிக்க விண்ணப்பங்கள் பெரும்பாலும் டிசம்பர் முதல் பாதியில் முடியும். செப்டெம்பரில் கேட்டுவிட வேண்டும். கடிதம் ஏற்றும் இணைப்பு அவர்களின் மின்னஞ்சலுக்கு நேரே போகும், சிலவேளை குப்பைக்குள் விழும். பல்கலைக்கழக மின்னஞ்சல் முகவரியைக் கொடுப்பது நல்லது, தனிப்பட்ட ஜிமெயில் என்றால் சில இடங்களில் சந்தேகப்படுவார்கள்.

காசு. ஒரு விண்ணப்பத்துக்கு 75 டொலர் அளவு கட்டணம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 2022 தொடக்கத்தில் டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. நான் விண்ணப்பித்த 2023 கடைசியில் 320ஐத் தாண்டியிருந்தது. ஒரு விண்ணப்பமே 24,000 ரூபாய்க்கு மேல். எங்களிடம் இருந்த கார்டில் வெளிநாட்டுக் கட்டணம் போகாமல், கடைசியில் கனடாவில் இருக்கும் சித்தப்பாவின் கார்டைப் பிடிக்க வேண்டியிருந்தது. கட்டண விலக்குத் தருகிற பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன. சிலது இணையத்தளத்தில் போட்டிருக்கும், சிலது துறைக்கு எழுதிக் கேட்டால்தான் தரும். வெட்கப்படாமல் கேளுங்கள். ஜிஆர்ஈ என்ற பட்டப்பின் படிப்பு அனுமதிப் பரீட்சை 2020க்குப் பிறகு பல திட்டங்களில் கட்டாயம் இல்லை, அதனால் ஒவ்வொன்றாகப் பார்த்துவிட்டுக் காசைக் கட்டுங்கள். எங்கள் பீடத்தில் படிப்பு ஆங்கிலத்தில் என்பதால், அதற்கான கடிதத்தை வைத்து ஆங்கிலப் பரீட்சையை விலக்கும் இடங்களும் உண்டு.

அந்தக் காசு வாங்கும் ஆலோசகர் இன்னொன்றும் சொன்னார். யுத்தத்தைப் பற்றி எழுது, கண்ணீர் வரவேண்டும் என்றார். நான் எழுதவில்லை. எழுதுவது பிழை என்று சொல்லமாட்டேன். இடம்பெயர்ந்து, பள்ளிக்கூடம் மாறி மாறிப் படித்தது உங்கள் படிப்பைப் பாதித்திருந்தால் சொல்லத்தான் வேண்டும். அதற்கென்றே கலிபோர்னியாப் பல்கலைக்கழக வளாகங்கள் போன்ற இடங்களில் தனிப்பட்ட வரலாறு என்று தனியாக ஒரு கட்டுரை கேட்கிறார்கள், அதில் எழுதலாம். எஸ்ஓபிக்குள் அதை விலைபேசுகிற மாதிரிச் செருகுவதுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

நேர்காணல் ஸூமில், எங்கள் நேரம் இரவு ஒன்பதரைக்கு. அங்கே காலை பத்து மணி. அம்மா பக்கத்து அறையில் தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு மூச்சுவிடாமல் இருந்தார். பேராசிரியர் நுளம்பைப் பற்றி முதலில் கேட்கவே இல்லை. "கிணற்று வேலையில் ஒரு விவசாயி உங்களிடம் எதையாவது கேட்டாரா?" என்று தொடங்கினார். நான் அந்த ஐயாவின் எண்பது வயது அப்புவைச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டு, இப்போது அவருக்கு என்ன பதில் சொல்வீர்கள் என்று கேட்டார். இந்த நைத்திரேற்றால் வருகிற ஆபத்து முக்கியமாகப் போத்தல் பால் குடிக்கும் சிசுக்களுக்கு, எண்பது வயது வாழ்ந்த ஒருவரை வைத்து அதை அளக்க முடியாது. அத்தோடு அப்புவின் காலத்தில் அந்தத் தோட்டத்துக்கு இவ்வளவு யூரியா போயிருக்காது என்றேன். அதற்குப் பிறகுதான் குடம்பிக்கு வந்தோம். குருநகரில் எடுத்த குடம்பிகளின் தாய் நுளம்புகள் பல தலைமுறையாக உவர்நீரில் முட்டையிட்டவையா, அல்லது அந்த ஒரு தடவை மட்டும் வந்தவையா என்று எப்படிக் கண்டுபிடிப்பீர்கள் என்று கேட்டார். என்னிடம் பாதிப் பதில்தான் இருந்தது. உள்நாட்டில் நன்னீரில் எடுத்த குடம்பிகளோடு ஒரே உப்பளவில் வைத்து ஒப்பிட்டுத் தொடங்குவேன் என்று சொல்லி, அதற்கு மேல் தெரியாது என்றேன். மீதியை இருவரும் பேசிக்கொண்டோம். நாற்பது நிமிடம் என்று சொன்ன நேர்காணல் ஒரு மணித்தியாலத்தைத் தாண்டியது.

இடம் கிடைத்தது, உதவித்தொகையோடு. இன்னொரு இடத்திலிருந்து அவசரமாகப் பதில் கேட்டார்கள். நிதியோடு வரும் அழைப்புகளுக்கு ஏப்ரல் 15 வரை யோசிக்கலாம் என்று அமெரிக்கப் பட்டப்பின் படிப்புப் பாடசாலைகளின் சபையில் ஒரு பொது உடன்பாடு இருக்கிறது, பல பல்கலைக்கழகங்கள் அதில் கையெழுத்திட்டிருக்கின்றன. அதைக் காட்டிப் பணிவாக அவகாசம் கேட்டேன், தந்தார்கள்.

மூன்று வருட ஜெனரல் பட்டம் செய்தவர்களும் கேட்டிருந்தீர்கள். அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் பல நாலு வருடப் பட்டத்துக்கு ஈடானதைக் கேட்கும், அதனால் நேரே போவது கடினம். பேராதனையில் இருக்கும் விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவனத்தில் முதுமாணி முடித்துவிட்டு விண்ணப்பிப்பது ஒரு வழி. அதற்குள்ளும் வேறு ஒரு சேரோடு வேறு ஒரு வேலை வந்தால், மாட்டேன் என்று சொல்லாமல் செய்யுங்கள். விடும்போது ஏன் விட்டீர்கள் என்பதை அன்றைக்கே கொப்பியில் எழுதி வையுங்கள், இரண்டு வருடம் கழித்து யோசித்தால் ஞாபகம் வராது.

எஸ்ஓபி அனுப்புகிறவர்கள் ஒக்டோபருக்கு முதல் அனுப்புங்கள். நவம்பர் கடைசியில் இரவு பதினொரு மணிக்கு அனுப்பி "அக்கா, நாளைக்குக் கடைசி நாள்" என்றால் என்னால் எழுத்துப்பிழை மட்டும்தான் பார்க்க முடியும்.